போலிஷ் மொழியும் தமிழ் வாய்மொழிபெயர்ப்பாளரும்

பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்த எலெக்ட்ரானிக் சிட்டியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் பணியாற்றி வருகின்றனர். அங்குத் தலைமையகம் கொண்ட இன்ஃபோசிஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தின் கணக்கியல் பணி மையங்கள் மூன்றைத் தன் பொறுப்பில் ஏற்றது. அவற்றுள் ஒன்று சென்னையிலும், ஒன்று பாங்காக்கிலும், ஒன்று போலந்தின் வூச் நகரிலும் இருந்தன. (எழுத்தை நோக்கி இந்நகரின் பெயரை லோட்ஸ் எனப் படிப்பாரும் உளர், அவ்வொலிப்பு அந்நாட்டவர்க்கு விளங்குவது அரிது.) இத்தகைய தொடர்புகளில் ஆங்கிலமே பாலமாக நிற்கின்றது. அப்பாலத்தை நீக்கி, தமிழிலிருந்து நேரே போலிஷ் மொழிக்குப் பேச்சைப் பெயர்க்க முனைவோர்க்குத் தமிழ் இலக்கண அறிவு எங்குத் துணைசெய்கிறது, எங்கு ஏமாற்றுகிறது என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

இரு மொழிகளின் உறவு புதியதன்று. உமாதேவி எனப் பெயர் பூண்ட வாண்டா தினோவ்ஸ்காவின் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1958இலும், போதான் கெம்பார்ஸ்கியின் மொழிபெயர்ப்பு 1977இலும் போலிஷ் மொழியில் வெளிவந்துள்ளன. ஆயின் நூலைப் பெயர்ப்பவர்க்கு எண்ணிப் பார்க்கக் காலம் உண்டு. பேச்சைப் பெயர்ப்பவர்க்கு அஃது இல்லை.

போலிஷ் மொழியில் வேற்றுமைகள் ஏழு. எட்டு வேற்றுமை கற்ற தமிழர்க்கு இவ்வெண்ணிக்கை அச்சம் தருவதன்று. தமிழில் 'மரங்களை' என்பதைக் 'கள்' எனவும் 'ஐ' எனவும் பிரித்துக் காட்டலாம். போலிஷ் மொழியிலோ பன்மையும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கலந்து நிற்கும். எண்ணுப்பெயர்கள் இதனினும் கடியன. வீடு என்பது 'தோம்'. இரண்டு முதல் நான்கு வரை 'தோமி' என்றும், ஐந்து முதல் 'தோமூஃப்' என்றும் மாறும். 12 வீடுகளுக்குப் பின்னதும் 22 வீடுகளுக்கு முன்னதும் வரும். ஐந்து முதலியன எழுவாயாயின் வினையும் ஒருமைக்கு மாறும். கணக்கியல் உரையாடலில் எண் வாராத தொடர் அரிதாதலின் இப்பயிற்சியைத் தள்ளிவைத்தல் இயலாது.

இனி, திணைக்கு வருவோம். 'அவர்கள் படித்தனர்' என்பதற்குப் போலிஷ் மொழியில் இரு வடிவங்கள் உள. ஒன்று 'சித்தாலி', மற்றொன்று 'சித்தாவி'. தமிழ் மாணவர் இதனைக் கண்டவுடன் 'வந்தனர்', 'வந்தன' என்னும் வேறுபாட்டை நினைவுகூர்வது இயல்பே. ஆங்கில வழியே கற்போர்க்குப் புதுமையாகத் தோன்றும் பகுப்பு, பன்மையில் உயர்திணையும் அஃறிணையும் பிரித்துப் பழகியவர்க்கு எளிதில் பிடிபடும். பாடநூல்கள் இவ்வாய்ப்பைப் பயன்கொள்ளாமை வருந்தத்தக்கது. ஆயினும் எல்லைக்கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் அமையவில்லை. 'சித்தாலி' ஆண்மக்களுக்கும், ஆண்மகன் ஒருவரேனும் அடங்கிய குழுவுக்கும் உரியது. பெண்கள் மட்டும் அடங்கிய குழு, பறவைகளுடனும் மரங்களுடனும் சேர்ந்து மற்றைப் பிரிவில் நிற்கும். நூறு பெண்களிடையே ஓர் ஆண் வந்து அமர்ந்தால் வினை மாறிவிடும்! ஆகவே 'கணக்காளர்கள் வந்தனர்' என்னும் தமிழ்த் தொடரைப் பெயர்ப்பவர், அக்குழுவில் ஆண் உண்டா என்பதை அறியாமல் வினையை முடிக்க இயலாது. 'மேலாளர் வந்தார்' என்னும் போதும் அவர் ஆணா பெண்ணா என்பது தெரிந்தாக வேண்டும். தமிழின் மரியாதைப் பன்மை மறைப்பதைப் போலிஷ் வினை கேட்டு வாங்குகின்றது.

விளிக்கும் முறையிலும் இதுவே நிலை. 'நீ' என்பதற்கு நேர் 'தி'. 'நீங்கள்' என்பதற்கு ஆணாயின் 'பான்', பெண்ணாயின் 'பானி'. வினை படர்க்கையில் வரும். 'ஐயா எப்போது வந்தார்கள்?' என அவரிடமே வினவும் நம் ஊர் வழக்கு இதற்கு மிக அணுக்கமானது. ஆங்கிலத்தின் வழியே சுற்றிவரும்போது நீ, நீங்கள் என்னும் வேறுபாடே அழிந்துபோகின்றது. மூத்த அதிகாரியை 'தி' என விளித்தல் அங்கும் பெரும்பிழை.

தன்மை ஒருமையிலும் பால் தோன்றுவது தமிழர்க்கு முற்றிலும் புதிது. 'படித்தேன்' என்பதை ஆண் 'சித்தாவெம்' என்பார். பெண் 'சித்தாவம்' என்பார். பேசுபவரின் 'நான்' என்பதைத் தம் 'நான்' ஆகவே கொண்டு பெயர்த்துரைப்பது வாய்மொழிபெயர்ப்பாளர் மரபு. ஆண் ஒருவரின் பேச்சைப் பெண் பெயர்க்கும்போது எவ்வடிவைக் கொள்வது என்பதைக் கூட்டம் தொடங்குமுன்னரே இரு தரப்பாருடனும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். தொடங்கிய பின் அதற்கு நேரமிராது.