கோட்டுக்குக் கீழே 16 எம்.பி.! மேலே என்ன... தெரியுமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு (கி.பி. 921) எல்லோருக்கும் தெரியும். ஊரை 30 குடும்பாக (வார்டாக) பிரித்து, குடும்பு வாரியாக ஓலைகளைத் தனித்தனிக் கட்டாகக் கட்டியல்லவா குடத்தில் போட்டார்கள்? ஒரு கட்டின் ஓலை இன்னொன்றில் கலக்காது. மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது, தெரியுமா?

1974-ல் வந்த ஐ.பி.எம்.-மின் எம்.வி.எஸ். என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், ஒவ்வொரு ஜாபுக்கும் (ஓட்டக் கொடுத்த வேலைக்கும்) தனியாக ஒரு முழு 16 எம்.பி. முகவரிப் பரப்பைக் கொடுத்தது. உங்கள் ஜாபிலும் 5000-ம் முகவரி உண்டு, பக்கத்து ஜாபிலும் உண்டு. இரண்டும் வேறு வேறு இடம்! இயந்திரத்தில் நிஜமாக இருந்த மெமரியோ கொஞ்சம்தான். உடனே தேவைப்படாததை 4 கே.பி. பக்கங்களாக டிஸ்க்கில் ஒதுக்கிவிட்டு ஒப்பேற்றியது.

எவ்வளவு கொஞ்சம்? சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்த மாடலில் எவ்வளவு காசு கொடுத்தாலும் 2 எம்.பி.க்கு மேல் மெமரி போட முடியாது. அதில் துளை அட்டை அடுக்கித்தான் புரோகிராம் ஓட்டினார்கள்!

அந்த 16 எம்.பி. எல்லைக்கு மெயின்ஃப்ரேம்காரர்கள் வைத்த பெயர் 'லைன்', அதாவது கோடு. முகவரிக்கு 24 பிட், அவ்வளவுதான். 1983-ல் எல்லை 2 ஜி.பி. ஆனது. அதாவது 31 பிட். ஏன் 32 இல்லை? இங்கேதான் சுவாரஸ்யம்! மெமரியில் முகவரிக்கு 32 பிட் இடம் இருந்தது. மேலே மிச்சமிருந்த 8 பிட்டை இயந்திரம் கண்டுகொள்ளவில்லை. சும்மா கிடக்கிறதே என்று புரோகிராமர்கள் அதில் தங்கள் குறிப்புகளைச் செருகினார்கள். பட்டியலின் கடைசி முகவரி இதுதான் என்று காட்ட உச்சி பிட்டை 'ஆன்' செய்து வைத்தார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்க ஐ.பி.எம்.முக்கு மனமில்லை, உச்சி பிட்டை விட்டுக்கொடுத்தது. பழைய புரோகிராம் 24 பிட்டிலேயே ஓடலாம், புதியது 31-ல் ஓடலாம், இரண்டும் ஒரே பரப்பில் ஒன்றையொன்று அழைக்கலாம். இந்தப் பெருந்தன்மைதான் மெயின்ஃப்ரேமைக் காப்பாற்றியது என்பேன்.

2000-ல் 64 பிட் வந்தது. பரப்பு 16 எக்ஸாபைட், முன்பிருந்ததைப்போல் சுமார் 859 கோடி மடங்கு! 2 ஜி.பி. எல்லைக்குப் பெயர் 'பார்'. அதற்கு மேலே 4 ஜி.பி. வரை வேண்டுமென்றே காலியாக விட்டார்கள். உச்சி பிட் 'ஆன்' ஆன பழைய முகவரி ஒன்று தெரியாத்தனமாக 64 பிட் புரோகிராமிடம் சிக்கினால், நேராக அந்தக் காலி இடத்தில் போய் விழும். தவறு அங்கேயே பிடிபடும். என்ன கில்லாடித்தனம்!

பாருக்கு மேலே முதலில் டேட்டாவுக்கு மட்டும்தான் இடம். புரோகிராம் அங்கே உட்கார்ந்து ஓட அனுமதி கிடைத்தது பல ஆண்டுகள் கழித்துத்தான், அதுவும் ஏகப்பட்ட நிபந்தனைகளோடு.

ஓ.எம்.ஆர். கம்பெனியில் மெயின்ஃப்ரேம் வேலை பார்க்கும் மாமாவோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், 'அபவ் த பார்' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பொழுது விடியும் வரை பேசுவார்கள்!