தூண்டிலில் மீன் சிக்கவில்லையா? வலைக்கண்ணியைக் கவனியுங்கள்!

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஏற்காட்டு ஏரியை நிரப்புவதோடு நிற்பதில்லை. சரபங்கா, திருமணிமுத்தாறு வழியாக இறங்கி, அடிவாரத்து ஏரி குளங்களுக்கு நீர் தந்து, முடிவில் காவிரியில் சேருகிறது. வேலை ஓய்ந்த நாளில் இந்தக் கரைகளில் தூண்டில் போட்டு அமர்வது நம் விவசாயிகள் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் இப்போது பொழுது சாயும்வரை காத்திருந்தாலும் விரலளவு ஜிலேபி மீன்தான் சிக்குகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். காரணம் என்ன?

மேட்டூர் கற்றுத் தந்த பாடம்

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. முட்டையிடுவதற்காக ஆற்றில் மேலேறிச் செல்லும் நாட்டுக் கெண்டைகளுக்கு அணையே தடையாயிற்று. பின்னர் கட்லா போன்ற கங்கைக் கெண்டைகளின் குஞ்சுகள் விடப்பட்டன. பரிசலில் சென்று வலை வீசும் எத்தனையோ மீனவர் குடும்பங்களுக்கு அந்த நீர்த்தேக்கம் பிழைப்பளிக்கிறது. ஆகவே வலையே கூடாது என்பது நியாயமல்ல.

தூண்டில்காரர்கள் கடல் கடந்தும் தேடி வந்த காவிரியின் திமில் மாசீர் 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்தல், வெளியிலிருந்து விட்ட மீன்கள் எனப் பல காரணங்கள் இதில் சேர்ந்துள்ளன. வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது.

விதைநெல்லை உண்ணலாமா?

தூண்டில் ஒவ்வொரு மீனாக எடுக்கிறது; சிறியது சிக்கினால் திரும்ப விட்டுவிடலாம். சிறுகண்ணி நைலான் வலையோ குஞ்சு, சினைமீன் என்று பார்ப்பதில்லை. மீன்பாசி குத்தகை ஓராண்டுக்கு மட்டும் என்றால், எடுத்தவர் அந்த ஆண்டிலேயே போட்ட பணத்தை எடுக்க ஏரியை வடித்துப் பிடிக்கிறார். விதைநெல்லைக் குத்தி உண்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய குளத்தில் முட்டையிடுவதில்லை. ஆண்டுதோறும் குஞ்சு விட வேண்டும். நன்றாக இரை கிடைத்தால் ஓராண்டில் கட்லா ஒரு கிலோ வரை வளரும். அதை நூறு கிராமில் பிடிப்பது குத்தகைதாரருக்கே நஷ்டம். விரால், கெளுத்தி போன்ற நாட்டு மீன்கள் ஏரியிலேயே இனம் பெருக்குகின்றன. சிவந்த குஞ்சுக் கூட்டத்தின் அடியில் பெற்ற விரால் காவல் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

கிராமங்கள் செய்ய வேண்டியவை

1. குத்தகையை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் விடக் கேளுங்கள். அப்போதுதான் குத்தகைதாரர் குஞ்சு விட்டு வளர்க்க முன்வருவார்.

2. கண்ணியின் ஒரு பக்கம் 5 செ.மீ.க்குக் குறையாத வலையையே அனுமதிப்பது என்று ஏல நிபந்தனையில் எழுதுங்கள்.

3. மழைக்காலத்தில் புதுவெள்ளம் வரும்போது நீர்வரத்து வாய்க்காலில் எதிரேறும் மீனைப் பொறி வைத்துப் பிடிக்காதீர்கள். அவை முட்டையிடவே ஏறுகின்றன.

4. கோடையில் ஏரியின் ஆழமான மடுவை வடிக்காமல் விடுங்கள். அடுத்த ஆண்டின் விதை அங்கேதான் இருக்கிறது.

5. ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள். பிற மீன்களை விழுங்கிவிடும் அந்த இனத்தை வளர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

6. கரையின் ஒரு பகுதியைத் தூண்டிலுக்கென ஒதுக்கி, சிறு கட்டணம் வாங்கலாம். ஊராட்சிக்கு வருமானம்; குத்தகைதாரருடன் சச்சரவும் இல்லை.

வலைக்காரரும் தூண்டில்காரரும் ஒரே ஏரியை நம்பியிருப்பவர்கள். பெரிய கண்ணி வலையால் முதல் ஆண்டு வரவு சற்றுக் குறையலாம். அடுத்த ஆண்டு எடைக்கல் அதை ஈடு செய்யும். இந்தப் பருவத்து ஏலத்துக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள். குஞ்சு தேவைக்கும் கூடுதல் விவரங்களுக்கும் அருகிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகுங்கள்.