அடிபட்ட காலோடு பயிற்சிக்கு அனுப்பலாமா?

மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பதினோரு வயது மகள் பீமிலிருந்து குதிக்கும்போது கணுக்கால் மடங்கி, வீங்கிய காலோடு வீட்டுக்கு வருகிறாள். நாளைக்குப் பயிற்சிக்கு அனுப்புவதா, வேண்டாமா? பல வீடுகளில் இதை முடிவு செய்வது குழந்தையின் கால் அல்ல. மாஸ்டர் கோபித்துக்கொள்வாரே, மொத்தமாகக் கட்டிய ஃபீஸ் வீணாகுமே, ஸ்போர்ட்ஸ் கோட்டா கைவிட்டுப் போகுமே என்ற கவலைகள்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கூடத்துக்குப் போகலாம், அடிபட்ட இடத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது. சொல்வது சுலபம். "சும்மா வந்து உட்காரட்டும்" என்று அழைக்கப்பட்ட பிள்ளையிடம் அரை மணி நேரத்தில் "ஒரே ஒரு தடவை பண்ணிப் பாரு" என்பார்கள். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் பதினோரு வயதுக்கு வராது. அதனால் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் மட்டும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? வளரும் பிள்ளைகளின் நீளமான எலும்புகளில், முனைக்குப் பக்கத்தில், வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அதைச் சுற்றியுள்ள தசைநார்களைவிட அது பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகும் அடி, குழந்தைக்கு இந்தத் தட்டிலேயே முறிவாகலாம். எக்ஸ்-ரேயில் அது தெரியாமலும் போகலாம். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் வளர்ச்சி நின்று, கால் கோணிக்கொள்ளவோ குட்டையாகவோ வாய்ப்புண்டு. எலும்பின் மேல் ஒரு விரலால் அழுத்தி "இங்கேதான்" என்று குழந்தை காட்டுகிறதென்றால், எக்ஸ்-ரே நன்றாக இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் விடாதீர்கள். எண்ணெய் போட்டு நீவுவது, இழுத்துவிடுவது, படம் எடுக்காமலே புத்தூர் கட்டு போடுவது எதுவும் வேண்டாம்.

ஜிம்னாஸ்டிக்ஸில் கையும் காலாகிறது. தலைகீழாக நிற்பதிலும் வால்ட்டிலும் உடலின் பாரம் முழுக்க, சில சமயம் அதைவிடப் பல மடங்கு, பின்னால் மடங்கிய மணிக்கட்டில் இறங்குகிறது. நாளுக்கு நூறு முறை இது நடந்தால் கட்டைவிரல் பக்கமுள்ள முன்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு நோகும். அந்த வலியோடே தொடர்ந்தால் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும். பக்கத்து எலும்பு மட்டும் வளர, மணிக்கட்டு ஒழுங்கு தவறும். தரையில் உள்ளங்கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அதுவே எச்சரிக்கை. முதுகுக்கும் ஒரு சோதனை உண்டு: ஒற்றைக் காலில் நின்று மெல்லப் பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேலே சுள்ளென்று வலித்தால், முதுகெலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சில மாதம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். வலி மாத்திரை போட்டு, டேப் சுற்றி பிரிட்ஜ் போட வைத்தால் ஆறாது. மாத்திரை வலியைத்தான் மறைக்கும், விரிசலை ஒட்ட வைக்காது.

தலையில் அடிபட்டால் மட்டும் பேச்சே கிடையாது. அன்றைக்குத் திரும்பப் பயிற்சிப் பாயில் ஏறக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை கூடத்தின் பக்கமே போக வேண்டாம்.

மற்ற அடிகளுக்குச் செய்ய வேலை நிறைய உண்டு. கணுக்கால் போனவள் வயிறு, தோள் பலப்படுத்தலாம். உட்கார்ந்தபடி ஸ்ப்ளிட் பழகலாம். கம்பியில் தொங்கிக் கால் தூக்கலாம். ஆனால் கம்பியிலிருந்து அவளைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். குதித்து இறங்குவதும் ஒரு லேண்டிங்தான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. மணிக்கட்டு போனவளுக்கு டிராம்போலின் கூடாது, விழும்போது கை தானாக ஊன்றும்.

வலியை வென்ற வீராங்கனைகளின் கதை சொல்லித்தான் பிள்ளைகளை உசுப்பேற்றுகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கெர்ரி ஸ்ட்ரக் முதல் வால்ட்டில் கணுக்கால் பிசகியும் இரண்டாவதையும் பாய்ந்து, ஒற்றைக் காலில் நின்ற காட்சி உலகப் புகழ் பெற்றது. மீதிக் கதையை யாரும் சொல்வதில்லை. அந்த இரண்டாவது பாய்ச்சல் இல்லாமலேயே அமெரிக்க அணி தங்கம் வென்றிருக்கும் என்று பிறகு கணக்கில் தெரிந்தது. தகுதி பெற்றிருந்த தனிநபர் இறுதிப் போட்டிகளில் அவரால் இறங்க முடியவில்லை. சோவியத் யூனியனின் எலெனா முகினா கதை இன்னும் கொடியது. 1978 உலக சாம்பியன். 1979-ல் கால் முறிந்தது. சரியாக ஆறுவதற்குள் பயிற்சிக்குத் திருப்பப்பட்டார். 1980-ல், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது, மின்ஸ்க் நகரில் ஆபத்தான ஒரு குட்டிக்கரணத்தில் கழுத்து முறிந்து, 2006-ல் இறக்கும்வரை உடல் செயலிழந்தே கிடந்தார்.

ஓய்வெடுத்தால் எதிர்காலம் போச்சு என்பவர்களுக்கு அகர்தலாவின் தீபா கர்மாகரைக் காட்டலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காமிடம். 2017-ல் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2018-ல் துருக்கியின் மெர்சினில் உலக சேலஞ்ச் கோப்பைத் தங்கம். முப்பது வயதில், 2024-ல், தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்.

சரி, மாஸ்டர் கேட்கவில்லை என்றால்? டாக்டர் சீட்டைப் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைச் சேமித்து வையுங்கள். வாய்ப்பேச்சு நாளைக்கு நிற்காது. அகாடமி நிர்வாகத்துக்கும், பள்ளி என்றால் தலைமை ஆசிரியருக்கும் எழுதுங்கள். பள்ளிக் குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற உடல், மன வேதனைக்கு ஆளாக்கினால் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பொறுப்பில் இருப்பவர் என்பதில் பெற்றோரும் அடக்கம். "நாங்கதான் சார் போகச் சொன்னோம்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி 2022-ல் வெளியான வைட் விசாரணை அறிக்கை, காயத்தோடு பயிற்சி செய்யக் கட்டாயப்படுத்தியதையும் குற்றச்சாட்டுகளில் பதிவு செய்தது.

இன்னொன்று, பேசக் கூச்சமானது. அடிபட்ட பிள்ளை சிகிச்சைக்கு வேறொருவர் கையை நம்பியிருக்கிறது. அமெரிக்க தேசிய அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரிலேயே சிறுமிகளிடம் அத்துமீறினார். 2018-ல் 40 முதல் 175 ஆண்டுச் சிறை. பிசியோவோ மாஸ்டரோ மூடிய அறையில் உங்கள் பிள்ளையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. நீங்கள் கூடவே இருங்கள். அத்துமீறல் என்று தெரியவந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்வது கடமை.

மிரட்டலோ அடியோ தொடர்ந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புகார் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். பெற்றோர்தான் பேச வேண்டும் என்றில்லை, குழந்தையே பேசலாம். அந்த எண்ணை அவளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.