வீடு நனைந்தால் வாடகை யார் தருவது?

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்காரரைக் கேட்டாலும், "மிஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, நூல் குடோனுக்கு இருக்கு, கப்பல்ல போற சரக்குக்கும் இருக்குங்க" என்று விரல் விட்டுச் சொல்வார். "வீட்டுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "வீட்டுக்கு எதுக்குங்க?" என்பார். தறியும் டைலரிங் மிஷினும் சோறு போடுகின்றன, சரி. அந்தச் சோற்றைச் சமைக்கிற வீடு மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

நம் பக்கம் மழையே குறைவு, நொய்யலில் தண்ணீர் வந்தாலே அதிசயம் என்கிற நினைப்புதான் காரணம். 2011 நவம்பரில் ராத்திரி பெய்த மழையில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பொங்கி, கரையோர வீடுகளைச் சாய்த்து, உயிர்களையும் கொண்டு போனதை இந்த ஊர்ப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது பாதிக்கப்பட்ட பகுதிகளில் ரேஷன் கார்டுக்கு ரூ. 6,000 அரசு கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் சுவர் காய்ந்து, பூச்சு பூசி, கரண்ட் கொடுக்கிற வரைக்கும் வேறு வீட்டில் குடியிருக்க அந்தப் பணம் எத்தனை நாளைக்குக் காணும்?

வெள்ளம் வந்தால்தான் வீடு நனையும் என்பதும் இல்லை. என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, குடும்பத்தோடு பழனிக்குப் போய் இரண்டாம் நாள் திரும்பியபோது வாசற்படியிலேயே தண்ணீர் வழிந்து கொண்டிருந்ததாம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப் சுவருக்குள்ளேயே வெடித்திருக்கிறது. தொட்டியில் தண்ணீர் குறையக் குறையத் தானாக ஓடுகிற மோட்டார் வேறு! போர்த் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள்தான். கூரைப் பூச்சு பாளம் பாளமாக விழுந்து கிடந்தது. ஒயர் போகிற குழாய்களில் எல்லாம் தண்ணீர். எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "அம்மிணி, மறுபடி நான் வந்து சொல்ற வரைக்கும் மெயின் சுவிட்சைத் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே எப்படி இருப்பது? பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு மாதம் ஆயிற்று திரும்பி வர.

வீட்டுக் கடன் வாங்கியபோது பாங்கியில் எடுக்கச் சொன்ன பாலிசி ஒன்று ஃபைலுக்குள் இருந்தது. பிரீமியம் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் உள்ளேதான். ஒரு நல்ல சேலை விலைகூட இல்லை. ஏஜெண்டைக் கேட்டதற்கு, "கட்டடச் சேதத்துக்குத் தருவாங்க, வாடகையெல்லாம் கிடையாதுங்க" என்றாராம். நங்கையா விடவில்லை. காலேஜில் படிக்கிற மகளை உட்கார வைத்து, பொடி எழுத்தை வரிவரியாகப் படிக்கச் சொன்னார். வாடகை இருந்தது!

அந்தப் பாலிசியின் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா'. 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, தீ முதலான ஆபத்துகளுக்கு வீட்டுப் பாலிசி விற்கிற எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இதே பெயரில், இதே வாசகத்தில் கொடுக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. தீ, புயல், வெள்ளம் மட்டுமல்ல, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து நிரம்பி வழிந்தாலும் இதில் சேர்த்தி. அப்படி நேர்ந்து வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால், மாற்று வீட்டுக்குக் கொடுக்கிற வாடகையையும் தருவார்கள். தனியாகப் பணம் கட்ட வேண்டாம், கட்டடப் பாலிசிக்குள்ளேயே அடக்கம். ரிப்பேருக்கு நியாயமாக எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாளைக்கு, அதிகபட்சம் மூன்று வருஷம் வரை. நீங்கள் வாடகைக்கு விட்டிருந்த வீடு என்றால், நின்றுபோன வாடகை உங்களுக்குக் கிடைக்கும்.

ஆனால் ஒரு கண்டிஷன். வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்று ஆர்க்கிடெக்டிடமோ உள்ளாட்சி அதிகாரிகளிடமோ சர்டிபிகேட் வாங்கித் தர வேண்டும். இந்த ஒரு காகிதத்தில்தான் விஷயமே இருக்கிறது. கொத்தனார் சொன்னார், எலெக்ட்ரீஷியன் சொன்னார் என்பதெல்லாம் செல்லாது. வீட்டை விட்டுக் கிளம்புகிற வாரத்திலேயே ஆர்க்கிடெக்டை வரவழைத்து, ஈரம் காய்வதற்குள் பார்க்கச் செய்து எழுதி வாங்குங்கள். எல்லாம் பூசி வெள்ளையடித்த பிறகு எதைப் பார்த்து அவர் கையெழுத்துப் போடுவார்?

நங்கையா வீட்டில் வாடகை ஒப்பந்தம், மாதாமாதம் பாங்கி வழியாக வீட்டுக்காரருக்கு அனுப்பிய ரசீது, இந்த சர்டிபிகேட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலில் கட்டடச் சேதத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு வந்தது. பாலிசிப் பக்கத்தைக் குறிப்பிட்டு மறுபடி கடிதம் எழுதிய பிறகு இரண்டு மாத வாடகையும் வந்தது. அட்வான்ஸ் தொகை வரவில்லை. அது வீட்டுக்காரரிடமிருந்து திரும்பி வருகிற பணம்தானே, நியாயம்தான். சாமான் ஏற்றிய வண்டிக் கூலியும் கைப்பணம்தான்.

வருஷக்கணக்காகச் சுவரில் ஏறுகிற ஓதத்துக்கும், பழைய விரிசல் வழியாகச் சொட்டுகிற ஒழுகலுக்கும் இந்தப் பாலிசியில் இடமில்லை. தேய்மானம் என்று ஒதுக்கி விடுவார்கள். திடீரென்று நடந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததா என்பதைத்தான் சர்வேயர் துருவித் துருவிக் கேட்பார். அதனால் சுத்தம் செய்ய ஆரம்பிக்குமுன் வெடித்த பைப்பை, நனைந்த பீரோவை, சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தை எல்லாம் செல்போனில் படம் எடுங்கள். உடைந்த பைப் துண்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்காக, சர்வேயர் வரட்டும் என்று தண்ணீரை அப்படியே விட்டு வைக்கவும் கூடாது. மேற்கொண்டு சேதமாகாமல் தடுப்பதும் நம் பொறுப்பு என்றுதான் பாலிசி சொல்கிறது. கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லிவிட்டு, 30 நாளைக்குள் கிளெய்ம் பாரத்தைக் கொடுத்து விடுங்கள்.

கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே சேர்ந்து விடும். நகை, வெள்ளிக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நம் ஊருக்கென்று ஒன்று சொல்கிறேன். பிசிறு வெட்டவும், பட்டன் கட்டவும் கம்பெனி பண்டல்களை வீட்டுக்குக் கொண்டு வந்து அடுக்குகிறோமே, அவை வீட்டுச் சாமான் ஆகாது. வியாபாரச் சரக்கு நனைந்தால் இந்தப் பாலிசி பேசாது. வேலை கொடுத்தவரிடமே, "சரக்கு நனைஞ்சா யார் பொறுப்புங்க?" என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் வேறு வீட்டுக்கு மாறி அதிக வாடகை கொடுக்க நேர்ந்தால், வித்தியாசத் தொகையைத் தருவதாகப் பாலிசி வாசகத்தில் இருக்கிறது. ஆனால் கட்டடம் உங்களுடையது இல்லையே! சாமானுக்கு மட்டும் பாலிசி எடுக்கும்போது இந்த வாடகை வித்தியாசமும் உண்டா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் பதில் வாங்கிக் கொள்ளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

வீட்டுக் கடன் இருக்கிற சகோதரிகள் இந்த வாரமே அந்த ஃபைலைப் பிரித்துப் பாருங்கள். கடனோடு எடுத்த பாலிசி எப்போதும் வீட்டுக்கானது என்று நினைத்து விடாதீர்கள். கடன் வாங்கியவரின் உயிருக்கு மட்டும் எடுத்த பாலிசியாகவும் இருக்கும். அப்படியானால் பைப் வெடித்ததற்கு அதிலிருந்து ஒரு காசு பெயராது. கட்டடத்துக்கான பாலிசி என்றால் முடிகிற தேதியைப் பாருங்கள். தொகை எவ்வளவு என்றும் பாருங்கள். நிலத்தின் விலையை விட்டுவிட்டு, இன்றைக்கு அதே வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுதான் கணக்கு.

கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கு எழுதலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே விசாரிக்கிறார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.