ஆடுகிறவளே பாடுகிறாள்

'கேப்ரியேலா' என்ற பாட்டின் வீடியோவை முதலில் சத்தம் இல்லாமல் பாருங்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவி பதவியை விட்டு இறங்கப்போகிறார். ஹாலிவுட் நடிகை ஜெசிகா ஆல்பா அந்தத் தலைவி. அவர் நாற்காலியில் அடுத்து உட்காரப்போவது யார் என்று ஆறு பெண்களுக்குள் போட்டி. முறைக்கிறார்கள், சதி செய்கிறார்கள், ஒருத்தியை ஒருத்தி கவிழ்க்கப் பார்க்கிறார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் வீட்டுக்கு வீடு ஓடும் டிவி சீரியல்களின் பாணியில் எடுத்திருக்கிறார்கள். நம் வீட்டு எட்டு மணி சீரியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மொழி புரியாமலே கதை புரிந்துவிடும்.

பிறகு சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். ஆடுகிற ஆறு பேரின் குரலும்தான் அந்தப் பாட்டு. நான் சொல்லவந்தது இதைப் பற்றித்தான்.

அறந்தாங்கியில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். சாயந்திரம் மொட்டை மாடியில் வகுப்பு. ஆண்டு விழாக் காலம் வந்தால் பள்ளிக்கூடங்களுக்குக் குழு நடனம் அமைத்துக் கொடுப்பேன். கரகம், கும்மி, ஒரு பாரதியார் பாட்டு, இரண்டு சினிமாப் பாட்டு என்றுதான் பட்டியல் இருக்கும். இந்த முறை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று போனில் 'கேப்ரியேலா' வீடியோவைக் காட்டி, "மிஸ், இதுல பொட்டு வச்சிருக்காங்கள்ல, லாரா. அவங்க தமிழ்ப் பொண்ணு மிஸ்" என்றது.

அது உண்மை. லாரா ராஜகோபாலன் 2005-இல் பிறந்தவர், அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண். அக்கா ரியா ராஜும் பாடகி. லாரா மேடைக்கு லாரா ராஜ் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டார், பொட்டை விடவில்லை. அவர் இருக்கும் குழுவின் பெயர் கேட்ஸ்ஐ. பிலிப்பைன்ஸிலிருந்து சோஃபியா, சுவிட்சர்லாந்திலிருந்து மனோன், தென் கொரியாவிலிருந்து யூன்சே, அமெரிக்காவிலிருந்து டேனியலா, மேகன், லாரா என்று அறுவரோடு தொடங்கிய குழு. பிடிஎஸ் குழுவை உலகத்துக்குக் கொடுத்த கொரிய நிறுவனமான ஹைப்பும், அமெரிக்காவின் கெஃபன் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து இதை உருவாக்கின. ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் விண்ணப்பித்ததாகச் சொன்னார்கள். அதிலிருந்து வடிகட்டிய 20 பேரை 2023 செப்டம்பரில் 'ட்ரீம் அகாடமி' என்ற போட்டி நிகழ்ச்சியில் இறக்கினார்கள். நவம்பர் 17 அன்று அறுவரின் பெயரை அறிவித்தார்கள்.

இவர்கள் பாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில், இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில். இதைக் கே-பாப், அதாவது கொரியப் பாப் என்று சொல்லலாமா என்று ரசிகர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. என்னைக் கேட்டால் சொல்லலாம். ஒரு நடனம் எந்தப் பாணி என்பதை அந்த உடம்பைப் பழக்கிய விதத்தை வைத்துத்தான் நாங்கள் சொல்வோம். இவர்களைப் பழக்கியது கொரிய முறை. பிடிஎஸ் நடனங்களை வடிவமைத்த சோன் சுங்-டுக் இவர்களின் பயிற்சியிலும் இருந்தார்.

அந்த முறைக்கு 30 வயது தாண்டிவிட்டது. லீ சூ-மான் என்ற பாடகர் 1995-இல் சோலில் எஸ்.எம். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பாட்டு, நடனம், அயல்மொழி, கேமரா முன் நிற்கும் விதம் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் கற்றுக்கொடுத்து, தேறியவர்களை மட்டும் ஒரு குழுவாக்கி மேடையேற்றுவது அவர் நிலைநாட்டிய வழி. 1997-இல் அங்கிருந்து வந்த எஸ்.இ.எஸ். என்ற மூன்று பெண்கள் குழுதான் பின்னால் வந்த பெண்கள் குழுக்களுக்கெல்லாம் முன்னோடி. 2009-இல் கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழுவின் 'ஜீ' கொரியத் தொலைக்காட்சியின் வாராந்தரப் பாட்டு வரிசையில் ஒன்பது வாரம் முதலிடத்தை விடவில்லை. கடைக்காரப் பையன் கதவைப் பூட்டிக்கொண்டு போனதும் துணிக்கடைப் பொம்மைகள் உயிர்பெற்று ஆடுவதுதான் அந்த வீடியோவின் கதை. அதே ஆண்டு ஒண்டர் கேர்ள்ஸின் 'நோபடி' அமெரிக்க பில்போர்டின் முதல் நூறு பாடல்களில் 76-ஆம் இடத்தைப் பிடித்தது. கொரியப் பாட்டு ஒன்று அந்தப் பட்டியலுக்குள் போனது அதுவே முதல் தடவை. 2020 ஜூனில் பிளாக்பிங்கின் 'ஹவ் யூ லைக் தட்' வெளிவந்த 24 மணி நேரத்தில் 8 கோடியே 63 லட்சம் முறை பார்க்கப்பட்டது.

எண்ணிக்கை கிடக்கட்டும். மூச்சைப் பற்றிச் சொல்கிறேன்.

என் வகுப்பில் நன்றாகப் பாடவும் தெரிந்த பிள்ளைகள் சிலர் உண்டு. தட்டடவை மூன்றாம் காலத்தில் ஆடிக்கொண்டே சரளி வரிசையைப் பாடுங்கள் என்றேன். அரைமண்டியில் உட்கார்ந்து காலைத் தட்டும்போது வயிறு இறுகிவிடும். பாட்டுக்கு அதே வயிறு தளர்ந்து மூச்சை விட வேண்டும். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே சுருதி விலகியது, மூன்றாவதில் கால் நின்றுவிட்டது. பரதத்தில் எங்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. பாட்டுக்காரர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து பாடுவார், நட்டுவாங்கம் இன்னொருவர் பார்ப்பார், ஆடுகிறவள் உதட்டை மட்டும் அசைப்பாள்.

கொரியர்கள் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதத்தில் எனக்குப் பெரிய மரியாதை. பாட்டை வரி வரியாக உடைத்து ஆட்களுக்குப் பங்கு போடுகிறார்கள். ஒருத்திக்குச் சில நொடிகள்தான். அவள் வரி வருவதற்கு முன்பே வரிசை நகரும். பின்னால் நின்றவள் நடுவுக்கு வந்துசேர்வாள். வாயைத் திறக்கும் நேரத்தில் அவள் கால்களுக்கு எளிய வேலை, சுற்றி நிற்பவர்களுக்குக் கடினமான வேலை. அவள் முடித்ததும் பக்கவாட்டில் விலகி மூச்சு வாங்கிக்கொள்வாள். அதற்குள் அடுத்தவள் நடுவில் நிற்பாள். நம் கண்ணுக்கு வரிசை மாறும் அழகு மட்டும்தான் தெரியும். உள்ளே ஓடுவது மூச்சுக் கணக்கு. கோரஸ் வரும் இடத்தில், பார்த்தவுடன் யாரும் வீட்டில் செய்துபார்க்கக்கூடிய ஒரு ஸ்டெப்பை வைக்கிறார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் போன் முன்னால் ஆடுவது அந்த ஸ்டெப்பைத்தான். மேடையில் பதிவு செய்த குரலும் பின்னால் ஓடும். அதன் மேல்தான் பாடுகிறார்கள். சில நிகழ்ச்சிகளில் உதடு மட்டும் அசைப்பதும் உண்டு. ஆனாலும் அந்தக் குரல் அவளுடையது, ஆட்டமும் அவளுடையது.

நமக்கு இது ஏன் புதிதாகத் தெரிகிறது? சினிமா நம் கண்ணையும் காதையும் தனித்தனியாகப் பழக்கிவிட்டது. 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரல் வந்தது. அதற்குமுன் பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். கே.பி. சுந்தராம்பாளும் பானுமதியும் கடைசிவரை சொந்தக் குரலில் பாடினார்கள். மற்றவர்கள் பலருக்கு உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. 1958-இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டிபோட்டு ஆடும் ஆட்டத்தை இன்றும் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுகிறேன். பாடியவர்கள் பி. லீலாவும் ஜிக்கியும். நூறு கோடிப் பார்வையைத் தாண்டிய 'ரவுடி பேபி'யில் ஆடியது சாய் பல்லவி, பாடியது தீ என்ற பாடகி. 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாடிய தீயும் அறிவும் அவர்களே நம் கண் முன்னால் நின்றார்கள்.

ஆனால் ஆடுகிறவளே பாடுவதைப் பார்க்க சோல்வரை போக வேண்டியதில்லை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலைக்குப் போனால் போதும்.

விராலிமலை முருகன் கோயிலில், பரதத்துக்கு முன்னோடியான சதிரை ஆடிய 32 தேவதாசிப் பெண்களில் ஒருவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் தொடங்கியவர், மலைப்படி ஏறிப்போய்ச் சாமி முன்னால் ஆடியவர். அவர்கள் ஆடிய சதிரில் பாட்டுக்கென்று தனி ஆள் கிடையாது. ஆடுகிறவள் வாயிலிருந்தே பாட்டு வரும். முதுமையிலும் அவர் உட்கார்ந்தபடி கையால் அபிநயம் காட்டிக்கொண்டே பாடும் காட்சிகள் இருக்கின்றன. பாட்டு எங்கே முடிந்து அபிநயம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நடனம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அதைவிடப் பெருமையான செய்தி இந்த மாவட்டத்திலிருந்து வந்ததில்லை.

அந்தக் கலை ஏன் ஒரு கிழவியோடு ஒடுங்கி நின்றது என்பதற்கும் எங்கள் ஊர்ப்பக்கமே காரணம் இருக்கிறது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது புதுக்கோட்டையில். அவர் தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தவர். பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. அது வந்தே ஆகவேண்டிய சட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் தொண்டையிலும் காலிலும் இருந்த வித்தையை அப்போதே யாராவது பத்திரமாக வாங்கிவைத்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்குத் தீரவில்லை. சதிர் பரதமாகிச் சபாக்களுக்குப் போனது. அந்த மேடையில் பாட்டு, பாட்டுக்காரர் வேலை ஆகிவிட்டது.

'கேப்ரியேலா' பாட்டுக்கு வருகிறேன். 2025 ஜூன் 20 அன்று வெளியானது. எழுதியவர்களில் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸும் ஒருவர். கிடாரை முன்னால் வைத்த லத்தீன் சாயல் மெட்டு. ஒருத்தி தன் காதலனைப் பறித்துவிடாதே என்று கேப்ரியேலா என்பவளிடம் கேட்கிறாள். பொருள் நமக்குப் புதிதில்லை. மருதத்திணை முழுக்கப் பரத்தையும் ஊடலும்தானே. பரதத்துக்குப் பாடும் பதங்களில் நாயகி இந்தப் புலம்பலைத் தோழியிடமோ நாயகனிடமோ சொல்வாள். இங்கே இவள் போட்டிக்காரியிடமே நேரில் போய் நிற்கிறாள். கெஞ்சுகிறாள், எச்சரிக்கிறாள், அவள் அழகை ஒப்புக்கொள்கிறாள். மூன்று பாவமும் ஒரே வரிக்குள் மாறி மாறி வருவதால் அபிநயம் கற்ற யாருக்கும் இந்தப் பாட்டுப் பிடிக்கும். வீடியோவோ அந்தக் காதலனையே ஒதுக்கிவிட்டு, அவன் இடத்தில் ஒரு பதவியை வைத்துவிட்டது. பெண்கள் ஒருவனுக்காக அடித்துக்கொள்வதை ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. ஒரு நிறுவனத்தின் தலைமைக்காக மோதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. இடையில் டேனியலா தன் வீட்டு மொழியான ஸ்பானிஷில் பாடும் பகுதி வரும். பாட்டின் சூடு அங்கேதான் ஏறுகிறது.

இந்தப் பாட்டுக்காக அவர்கள் பெயர் 2026 கிராமி விருதுப் பரிந்துரையில் வந்தது. சிறந்த புதுமுகம் பிரிவிலும் குழுவின் பெயர் இருந்தது. எந்தப் பிரிவானாலும் கிராமி பட்டியலில் பொட்டு வைத்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்ப்பது என் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தாயார் வகுப்பு முடிந்ததும் காத்திருந்து, "இதெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டீச்சர்? பாத்துட்டு நானும் கொரியா போறேன்னு நிக்குது" என்றார். அவர் பயம் நியாயமானது. அந்தப் பயிற்சியில் கடுமை அதிகம். எடைக் கட்டுப்பாடு, தூக்கமின்மை, இளம் வயதில் போடும் நீண்ட ஒப்பந்தம் எல்லாம் உண்டு. 2009-இல் ஓர் ஆண்கள் குழுவைச் சேர்ந்தவர்கள் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டுதான், ஏழு ஆண்டுக்கு மேல் கட்டிப்போடாத ஒரு மாதிரி ஒப்பந்தத்தைக் கொரிய அரசு அமைப்பு கொண்டுவந்தது. கேட்ஸ்ஐ உருவான கதையை நெட்ஃபிளிக்ஸ் 2024-இல் தொடராக வெளியிட்டது. கூடவே சாப்பிட்டுத் தூங்கிய தோழிகளை ஓட்டுப் போட்டு வெளியேற்றும் நிகழ்ச்சிக்குள் நுழைகிறோம் என்று தெரிந்து அந்தப் பெண்கள் கலங்குவதை அதில் பார்க்கலாம். பிரபலமான பிறகு கொலை மிரட்டல்கள் வந்ததையும் குழுவினர் பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொடரைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள் என்று அந்தத் தாயாரிடம் சொன்னேன். ஆடாதே என்று சொல்வதைவிட அது பயன்படும்.

நடனம் கற்கும் பிள்ளைகளுக்கு, பளபளப்பான வீடியோவைவிட இந்தக் குழுக்கள் வெளியிடும் பயிற்சி வீடியோக்களைப் பார்க்கச் சொல்கிறேன். கண்ணாடி வைத்த அறை, நகராத கேமரா, சாதாரண உடுப்பு. கட் கிடையாது. யார் எப்போது எங்கே நகர்கிறாள் என்பது அதில்தான் முழுசாகத் தெரியும். நோட்டில் புள்ளி வைத்து ஒவ்வொருத்தியின் பாதையையும் கோடு இழுக்கச் சொன்னால், கோலம் போட்டுப் பழகிய பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆண்டு விழாவுக்கு 'கேப்ரியேலா' எடுத்திருக்கிறோம். உடுப்பு சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொள்வது, நெற்றியில் பொட்டு. பள்ளிக்கூடத்தில் டிராக்கைப் போட்டுவிடலாம் என்றார்கள். நான் காலரில் மாட்டும் மைக் கேட்டிருக்கிறேன். கோரஸுக்கு மட்டும் டிராக் ஓடட்டும், தனி வரிகளைப் பிள்ளைகளே பாடட்டும். கடினமான நடையை இரண்டு இடத்தில் தளர்த்திவிட்டு, அந்த மூச்சைப் பாட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது மாடியில் முதலில் ஒரு சுற்று பாட்டு மட்டும், பிறகு ஒரு சுற்று நடை மட்டும், கடைசியில் இரண்டும் சேர்த்து. ஸ்பானிஷ் வரிகளைத் தமிழில் எழுதிவைத்துப் பாடம் செய்கிறார்கள். அதை யார் பாடுவது என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை.