மனை ஒருவருடையது, வீடு மற்றொருவருடையது

சேத்தூர் முன்னர் ஜமீனாக விளங்கிய ஊர். நிலம் ஒருவரிடமும், அதன்மேல் நிற்கும் வீடு வேறொருவரிடமும் இருப்பது இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை அரசினிடம் சேர்த்தபோதும், கட்டடங்களை அவற்றை உடையவர்க்கே உரிமையாக்கிற்று. ஆயினும், தனியார் மனையில் தரை வாடகை செலுத்தி வீடு கட்டி வாழும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. அத்தகைய வீடு மலிவாக விலைக்கு வருங்கால் அங்கத்தினர்க்கு ஆசை பிறப்பது இயல்பே. மனைக்காரர் கடன் மிகுந்து மஞ்சள் கடுதாசி கொடுத்தவராயின் அதனை வாங்கலாமா?

மனைக்காரர் நொடித்துப்போவதனால் மட்டும் குத்தகை அழிந்துவிடாது. 1920ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சி சட்டப்படி, நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவரெனத் தீர்த்ததும், அவருடைய சொத்து நீதிமன்றத்தையோ ரிசீவரையோ சேரும். மனைக்காரருக்கு இருந்த உரிமையே ரிசீவருக்கும் உண்டு. அதனினும் மிகுதி இல்லை. ஆகையால், செல்லத்தக்க குத்தகை அவரையும் கட்டுப்படுத்தும். தீர்ப்பை அறிந்தபின் வாடகையை ரிசீவரிடமே செலுத்தி ரசீது பெறவேண்டும். பழைய மனைக்காரரிடம் கொடுத்தால் மீண்டும் கொடுக்க நேரிடலாம்.

ஆனால், குத்தகை செல்லத்தக்கதுதானா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை, 1908ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு செய்யப்படவேண்டும். வெறுந்தாளில் முப்பது ஆண்டு என்று எழுதியிருப்பினும், பதிவில்லையேல் குடியிருப்புக்கான குத்தகை பொதுவாக மாதக் குத்தகையாகவே கருதப்படும். 15 நாள் அறிவிப்பில் அது முடிவுறலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, மனை அடைமானத்தில் உள்ளதா என்றும் காண்க. திவாலானாலும் அடைமானம் பெற்றவரின் உரிமை குன்றாது. குத்தகைக்கு முந்திய அடைமானமாயின், ஏலத்தில் மனையை எடுப்பவர் குத்தகையை ஏற்க மறுக்கக்கூடும்.

“மனையையும் சேர்த்தே எழுதித் தருகிறேன்” என்று மனைக்காரரே கூறுவாராயின், அங்கேதான் பெரும் அபாயம் இருக்கிறது. தீர்ப்பின் விளைவு, மனு கொடுத்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். மனு இருப்பதை அறிந்து வாங்கியவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பில்லை. எனவே, முன்பணம் கொடுக்குமுன் திருவில்லிபுத்தூரிலுள்ள மாவட்ட நீதிமன்றத்திலும், உரிய சார்பு நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் மூலம் விசாரித்தறிக. தீர்ப்பு ஆகியிருப்பின் மனையை ரிசீவரிடமிருந்தே வாங்குதல் வேண்டும்.

வீடு கட்டிய குத்தகைதாரர், தம்மை வெளியேற்ற வழக்கு வருங்கால், மனையை விலைக்குத் தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமையை 1921ஆம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அளிக்கிறது. அது எல்லா ஊருக்கும், எல்லாக் குத்தகைக்கும் பொருந்துவதன்று. நம் ஊருக்குப் பொருந்துமா எனக் கேட்டறிதல் நலம்.

ஒரே மனையில் பல குடும்பங்கள் இருந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே ரிசீவரிடம் செல்லின், பணமுடைய வெளியார் ஒருவர் முழு மனையையும் ஏலத்தில் எடுத்துவிடுதல் எளிது. அனைவரும் ஒன்றுகூடி, தத்தம் பங்கைத் திரட்டி, ஒரே விலை கூறி விண்ணப்பித்தால் கடன்காரர்க்கும் பணம் வரும், வீடும் நிலைக்கும். நூலையும் விதையையும் கூடி வாங்கிப் பழகியோர்க்கு இது அரிய செயலன்று. விலை மலிவென்று விரையாமல், பத்திரத்தையும் மனுவையும் பார்த்தபின் பணத்தை எடுப்பீர்களாக.