திமிங்கிலம் பார்க்கச் செல்லும் படகு

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகரான ஜூனோவுக்குக் கோடையில் உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. இறங்கிய பயணிகள் விசைப்படகுகளில் ஏறிக் கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்கச் செல்கிறார்கள். ஹவாய்த் தீவுப் பக்கம் குளிர்காலத்தைக் கழித்த இவ்விலங்குகள் மீன் தின்னவே இங்கு வருகின்றன.

அவை மீன் பிடிக்கும் விதம் விந்தையானது! மீன் கூட்டத்தின் அடியில் ஒரு திமிங்கிலம் மூச்சுக் காற்றைக் குமிழிகளாக விட்டபடி வட்டமிடும். எழும் குமிழிகளே வேலி. வேறொன்று குரல் கொடுக்கும். உடனே எல்லாம் வாயைத் திறந்தபடி ஒருசேர மேலெழும்.

கலங்கிய நீரில் கண் எட்டுவது சில மீட்டர்தான். ஒலியோ விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் செல்வதைப் போல் நான்கு மடங்குக்கும் மேலாக, நெடுந்தூரம் செல்லும். ஆகவே திமிங்கிலத்திற்குக் காதே கண்.

படகின் புரொப்பெல்லர் வேகமாகச் சுழலும்போது அதன் இலையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைகிறது. அங்கே நீர் சூடாகாமலேயே ஆவியாகிக் குமிழிகள் தோன்றுகின்றன. அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்ததும் அவை நசுங்கி உடைகின்றன. (இந்த அடி வெண்கல இலையையே அரித்துவிடும்!) அந்த இரைச்சலில் திமிங்கிலத்தின் குரல் அமுங்கிப் போகிறது.

அங்கே 100 கெஜத்திற்குள், அதாவது 91 மீட்டருக்குள், படகுகள் நெருங்கக் கூடாது. அருகில் மெதுவாகவே செல்ல வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது விதியே முக்கியமானது என்பேன். 91 மீட்டரை ஒலி கடக்க ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கு போதும். வேகம் குறைந்தாலோ குமிழிகளே தோன்றுவதில்லை.

2020இல் பெருந்தொற்றால் உல்லாசக் கப்பல்கள் வரவில்லை. அவ்வாண்டு, ஜூனோவுக்கு மேற்கிலுள்ள கிளேசியர் விரிகுடாவில் நீரடி ஒலிவாங்கிகள் முந்தைய கோடைகளைவிடக் குறைந்த இரைச்சலையே பதிவு செய்தன.